டைரக்டர் தலைக்கு நான் எடுத்த சொடக்கு

கையைச் சொன்னபடி கேட்க வைக்கலாம் என்று நினைக்கிறவர்கள் கையால் பிழைத்தவர்களாக இருக்க முடியாது. கால், சொன்னால் கேட்கும். வாய்கூட, பசி நேரம் தவிர, ஓரளவுக்குக் கேட்கும். ஒரே வேலையை வருடக்கணக்கில் செய்து பழகிய கை மட்டும் தனிக்குடித்தனம் நடத்தும். இப்போதுகூட எம்ஆர்டி ரயிலில் எதிர் சீட்டில் யாராவது தலை கலைந்து உட்கார்ந்திருந்தால், என் வலது கையில் இரண்டு விரல் கத்தரிக்கோல் மாதிரி திறந்து திறந்து மூடும். என் மனைவி சரோஜா சட்டென்று அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் அமுக்கி வைத்துக்கொள்வாள். பார்க்கிறவர்கள் இந்த வயதிலும் என்ன அன்னியோன்னியம் என்று நினைப்பார்கள். (அன்னியோன்னியம் ஒண்ணும் இல்ல லா, கைது.)

இதே கைதான் ஒரு நாள் ஒரு பெரிய மனிதரின் தலையைத் திருகி, இரண்டு காதையும் தரை வரைக்கும் இழுத்துவிட்டது. அவருக்குக் காயம் எதுவும் இல்லை. கொஞ்சம் தள்ளி நின்று அவரே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்படி என்று சொல்கிறேன். பொறுமையாகக் கேட்க வேண்டும். நான் நேர் வழியில் போய்ச் சேருகிற ஆள் இல்லை.

எண்பதுகளின் கடைசி அது. ஈசூனுக்கு எம்ஆர்டி வந்த புதுசு. நான் சிராங்கூன் சாலைக்குப் பின்பக்கம் ஒரு முடிவெட்டுக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். வேலை பார்த்தேன் என்று சொல்லாமல் நின்றேன் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முடிவெட்டுகிறவன் பிழைப்பில் பாதி நிற்பதுதான். கடை நிறைய நாற்காலி இருக்கும். நல்ல மெத்தை வைத்த, மேலே கீழே ஏறி இறங்குகிற நாற்காலி. அதில் ஒன்றுகூட நமக்கு இல்லை.

பள்ளிக்கூடம் எனக்கு இரண்டாம் வகுப்போடு முடிந்தது. எழுத்து கோணலாக இருக்கிறது என்று வாத்தியார் விரலில் அடித்தார். நான் அந்த விரல்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்புறம் அவற்றுக்குக் கத்தரிக்கோல்தான் சோறு போட்டது. சரி, அது வேறு கதை.

எங்கள் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறவர் வைரவன் ஐயா. ஒரு காலத்தில் அதே கடையில் நின்று முடிவெட்டியவர். வேலையை விட்டுவிட்டு ஈசூனில் மகனோடும் மகளோடும் அடுக்குமாடி வீட்டில் இருந்தார். ஆனாலும் வாரத்துக்கு ஒரு முறை வந்து மூலையில் உட்கார்ந்து தமிழ்ப் பேப்பரைப் படித்துவிட்டு, நாங்கள் வெட்டுவதில் இரண்டு குறை சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அவரைக் கூட்டிக்கொண்டு போக மத்தியானம் அவர் மகள் வருவாள். உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு ரேடியோ பாகம் செய்கிற ஃபேக்டரியில் வேலை. கையில் காய்கறிப் பை, தலையில் பூ. ஆம்பிளைகள் கடை என்பதால் உள்ளே வர மாட்டாள். வாசலிலேயே நின்று, "அப்பா, நேரமாச்சு" என்பாள்.

அதுதான் சரோஜா.

முடிவெட்டுகிறவன் வாசலைத் திரும்பிப் பார்க்கக் கூடாது, கத்தி கையில் இருக்கும். அதனால் நான் அவளைக் கண்ணாடியில்தான் பார்ப்பேன். அவளும் கண்ணாடியில்தான் என்னைப் பார்ப்பாள். எங்கள் காதல் முழுவதும் கண்ணாடிக்குள்ளேயே நடந்தது. பல மாதம் வரைக்கும் அவளுக்கு மூக்குத்தி இடப் பக்கமா வலப் பக்கமா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

முப்பதைத் தாண்டியவன் இப்படிக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தால் வாடிக்கையாளர்கள் காதுக்கு ஆபத்து என்று கடை முதலாளி சண்முகம் அண்ணன் நினைத்தாரோ என்னவோ, அவரே ஒரு நாள் பேச்சை எடுத்தார். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒருவருக்குக் கிருதா எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் வைரவன் ஐயாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"பெருமாள் நல்ல பையன்தான் சண்முகம். குடி இல்ல, சீட்டு இல்ல. கைவேலையும் பரவால்ல, பின்கழுத்துலதான் கொஞ்சம் அவசரப்படுறான். ஆனா நின்னுக்கிட்டு வேலை பாக்குறவனுக்கு என் பொண்ணக் குடுக்க மாட்டேன். என் காலப் பாரு."

வேட்டி சரசரவென்று உயர்கிற சத்தம்.

"பாம்பு மாதிரி நரம்பு. நின்னு நின்னு வந்தது. என் மருமவன் உக்காந்து வேலை பாக்கணும். ஏர்கான்ல, குளுகுளுன்னு உக்காந்து பாக்கணும். அவ்வளவுதான்."

என் கை தவறி, எதிரே இருந்தவரின் ஒரு பக்கக் கிருதா காதுக்கு மேலே போய்விட்டது. சமமாக இருக்கட்டும் என்று மற்ற பக்கத்தையும் தூக்கினேன். அவர் அதற்கப்புறம் எங்கள் கடைப் பக்கம் வரவில்லை.

அன்றிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன். எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது. உட்கார்ந்து செய்கிற வேலை என்ன இருக்கிறது என்று ஊரெல்லாம் பார்த்துக்கொண்டே நடந்தேன். டாக்சி ஓட்டலாம். எனக்கு சைக்கிளே ஓட்ட வராது. கிளி ஜோசியம் பார்க்கலாம், ஏர்கான் கிடையாது.

இந்த நேரத்தில்தான் மணிமாறன் முடிவெட்ட வந்தான். சரோஜாவின் அண்ணன், என்னைவிட இளையவன். மேற்கே ஒரு குன்றின் மேல் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி செய்கிற இடத்தில் வேலை. வைரவன் ஐயா, "எம் பய உக்காந்தே சம்பாதிக்கிறான்" என்று பெருமையாகச் சொல்வது இவனைத்தான். வழக்கமாகக் கண்ணை மூடிக்கொள்கிறவன், அன்றைக்குக் கண்ணாடியில் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இப்ப என் தலையைத் திருப்புனீங்களே, எப்படி?"

"நான் எங்க தம்பி திருப்புனேன்?"

"திருப்புனீங்க. இடது கை ரெண்டு விரலால. அதே நேரத்துல வலது கை வெட்டிக்கிட்டே இருக்கு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கேக்காம வேலை செய்யுது."

எனக்கு அப்போதுதான் அது தெரிந்தது. (தெரிஞ்ச பிறகு ரெண்டு நாள் கை தடுமாறிச்சு. சில விஷயம் தெரியாம இருக்கிறது நல்லது.)

அவன் விவரம் சொன்னான். அவர்கள் இடத்தில் கம்ப்யூட்டருக்குள் ஒரு உருவத்தை வைத்து, களிமண்ணைப் பிசைகிற மாதிரி அதைப் பிசைகிற கருவி ஒன்று செய்கிறார்களாம். இரண்டு கைக்கும் இரண்டு பிடி. ஒரு கையால் உருவத்தைப் பிடித்துத் திருப்பலாம், மற்றக் கையால் இழுக்கலாம், அமுக்கலாம். இரண்டு கையாலும் பிடித்தால் நீட்டலாம், முறுக்கலாம்.

"ஆனா எங்க ஆளுங்க எல்லாருக்கும் ஒரு கைதான் வேலை செய்யுது அண்ணே. வலது கை இழுக்கும்போது இடது கை செத்த மீன் மாதிரி தொங்குது. அடுத்த மாசம் வெளிநாட்டு ஆளுங்க பாக்க வர்றாங்க. கம்ப்யூட்டரே தொடாத ஆள்கூட இதைச் செய்யலாம்னு காட்டணும்னு பாஸ் சொல்றாரு. அதனால..." கொஞ்சம் தயங்கினான். "ரொம்ப படிக்காத ஆளா ஒருத்தர் வேணும்."

"அந்தத் தகுதி என்கிட்ட நிறையவே இருக்கு தம்பி."

"நல்லா போச்சுன்னா, டெமோ காட்டுறதுக்குன்னே பார்ட் டைமா ஒரு ஆள் வெச்சுக்குவாரு. உக்காந்து செய்ற வேலை. ஏர்கான்ல." கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தான். "என் தங்கச்சி ஞாயித்துக்கிழமை அவ்வளவு தூரம் கத்தரிக்காய் வாங்கத்தான் வருதுன்னு நான் நினைக்கல லா."

அவனுக்கு அன்று முடிவெட்டிய காசு நான் வாங்கவில்லை.

கடை லீவு நாளில் பழகிப் பார்க்கப் போனேன். அலமாரி உயரத்துக்கு ஒரு பெட்டி, அதற்கு முன்னால் ஒரு டிவி. மேசை மேல் ஒரு சின்னக் கட்டி. அந்தக் கட்டியில் காந்தம் இருக்கிறது, என் கை எங்கே போகிறது என்று அது மோப்பம் பிடித்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் என்றான் மணிமாறன். இரண்டு பிடியும் பார்ப்பதற்கு இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடியை மட்டும் கழற்றி வால் மாதிரி வயர் மாட்டிவிட்டது போல இருந்தன. பிடியில் ஒரு பட்டன். அழுத்தினால் உருவத்தைப் பிடித்துக்கொள்ளும், விட்டால் விட்டுவிடும்.

டிவியில் கொசுவலையால் செய்த மாதிரி ஒரு தலை வந்தது. கோடு கோடாக, பச்சையாக. ஆனால் மூக்கும் மோவாயும் காதும் அச்சு அசலாக மனிதத் தலை.

"இது யாரு தம்பி?"

"எங்க பாஸ். டைரக்டர். அவரோட போட்டோவெல்லாம் வெச்சு புள்ளி புள்ளியா நானே பண்ணேன் அண்ணே. அவருக்குத் தெரியாது, சர்ப்ரைஸ்."

"மொட்டையா அவரு?"

"இல்ல, நல்ல முடி. கம்ப்யூட்டருக்குத்தான் முடி போட வராது."

"அப்ப எனக்கு இங்க என்னய்யா வேலை?"

வேலை சுலபம்தான். இடது கையால் தலையைப் பிடித்து இப்படி அப்படித் திருப்பிக் காட்ட வேண்டும். வலது கையால் கன்னத்தைக் கொஞ்சம் தூக்கி, வாயோரத்தை இழுத்து, டைரக்டரைச் சிரிக்க வைக்க வேண்டும். (நெசத்துல அவரு சிரிச்சு யாரும் பாத்ததில்லையாம்.)

முதலில் நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்து பிடியைப் பிடித்தேன். கை அசையவில்லை. என் கைக்கு உட்காரத் தெரியாது. எழுந்து நின்றேன், உடனே இரண்டு கையும் எண்ணெய் போட்ட மாதிரி ஓடின. மணிமாறன் தலையைச் சொறிந்தான். "டெமோ அன்னிக்காவது உக்காந்து பாருங்க அண்ணே. அப்பா கேப்பாரு."

இன்னொரு விஷயமும் கவனித்தேன். அந்தப் பெட்டி கொஞ்சம் மந்தம். நான் கையைத் திருப்பினால், படம் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அப்புறம்தான் திரும்பும். மெதுவாகச் செய்தால் பாதகமில்லை. அவசரப்பட்டால் கை முன்னால் போய்விடும், படம் பின்னாலேயே ஓடி வரும். மெதுவாகத்தான் செய்யப்போகிறோம் என்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த நாளும் வந்தது. என்னிடம் இருந்த காற்சட்டை எல்லாம் முடி குத்திக் குத்தி முழங்காலில் தேய்ந்து பளபளத்தன. கடையில் என்னோடு வேலை பார்த்த ராசு புதிதாகத் தைத்த ஒன்றை இரவல் கொடுத்தான். ராசு இடுப்பில் என்னைப் போல ஒன்றரை ஆள். பரவாயில்லை என்று அவனுடைய பெல்ட்டையே போட்டு இறுக்கினேன். அந்த பெல்ட்டுக்கு ஒரு பக்கிள் இருந்தது பாருங்கள், சாசர் அளவுக்கு, சுத்தமான இரும்பு. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்னைப் பிடித்தது. உட்கார்ந்து வேலை பார்க்கிறவன் மாதிரியே இருந்தேன்.

கிளமெண்டியில் இறங்கி பஸ் பிடித்துக் குன்று ஏறினேன். எத்தனை சீக்கிரம் போயிருப்பேன் என்றால், கூட்டுகிற அம்மா அப்போதுதான் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். அவர் கூட்டிய இடத்தையெல்லாம் நான் மிதித்து, நான் மிதித்த இடத்தையெல்லாம் அவர் மறுபடி கூட்டி, கடைசியில் மலாயில் ஏதோ சொல்லி என்னை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்.

ஒரு வழியாக எல்லோரும் வந்தார்கள். வெள்ளைக்காரர்கள் சிலர், ஜப்பான்காரர் ஒருவர், நம்ம ஆட்கள் சிலர், நடுவில் டைரக்டர். உயரமான சீனர். அடர்த்தியான கருகரு முடி. டைரக்டர் திரும்பியபோது பின்கழுத்தைப் பார்த்தேன். யாரோ படிக்கட்டு மாதிரி வெட்டி வைத்திருந்தார்கள். என் இரண்டு விரல் காற்சட்டைப் பைக்குள் திறந்து மூடியது.

மணிமாறன் ஆங்கிலத்தில் என்னை அறிமுகம் செய்தான். நான் கும்பிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். (ஆமா, உக்காந்தேன். அதை யாரும் கணக்குல எடுத்துக்க மாட்டேங்கிறாங்க.) டிவியில் தலை வந்ததும், "இஸ் தட் மீ?" என்றார் டைரக்டர். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் தன் மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு நிஜத் தலையை ஒரு முறை தடவிக்கொண்டார்.

நான் பிடிகளைக் கையில் எடுத்தேன். தலை ஆட ஆரம்பித்தது. நான் ஆட்டவில்லை. குளிர்ஜுரம் வந்த மாதிரி அதுவாகக் கிடுகிடுவென்று ஆடியது. மணிமாறன் முகம் வெளுத்தது. குனிந்து என் காதில், "அண்ணே, உடம்புல இரும்பு ஏதாவது இருக்கா? காந்தம் குழம்புது!" என்றான். அப்படியே கண்ணைக் கீழே இறக்கி பக்கிளைப் பார்த்தான்.

"இதைக் கழட்டுங்க."

"தம்பி, இது கழட்டுற பெல்ட் இல்ல."

"கழட்டுங்க அண்ணே, ப்ளீஸ், எல்லாரும் பாக்குறாங்க!"

வெள்ளைக்காரர்கள் முன்னால் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று பெல்ட்டை உருவிக் கொடுத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். தலை நின்றுவிட்டது, ஆனால் என் கையும் நின்றுவிட்டது. பழைய வியாதிதான். டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். வேறு வழி தெரியவில்லை. எழுந்தேன்.

எழுந்ததும் கை ஓடியது. இடது கை தலையை மெல்ல இந்தப் பக்கம் சாய்த்தது, வலது கை கன்னத்தைத் தூக்கியது. வாயோரம் இழுபட்டு, பச்சைக் கோட்டு டைரக்டர் மெதுவாகச் சிரித்தார். அறையில் "ஆ" என்று ஒரு சத்தம். ஜப்பான்காரர் முன்னால் வந்து கிட்டத்தில் பார்த்தார். மணிமாறன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். சரோஜா கழுத்தில் நான் தாலி கட்டுகிற காட்சி அந்த நொடியில் என் கண் முன்னால் வந்தது.

அந்த நொடியில்தான் ராசுவின் காற்சட்டை கிளம்பியது.

முதலில் ஒரு விரல் அளவு. தொப்புளுக்குக் கீழே ஏர்கான் காற்று பட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கையிலும் பிடி. முழங்கால் இரண்டையும் ஒட்டிக்கொண்டேன். வயிற்றை ஊதினேன். மூச்சு விட்டால் இறங்குகிறது, அதனால் மூச்சை நிறுத்தினேன். யாரோ ஆங்கிலத்தில் என்னிடம் கேள்வி கேட்டார்கள். நான் மூச்சில்லாமல் சிரித்தேன். எப்படியாவது வேலை சீக்கிரம் முடிந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் கடையில் முடிவெட்டினால் கடைசியில் பவுடர் போட்டு, தலையை நன்றாகத் தட்டிப் பிடித்துவிட்டு, மோவாயில் ஒரு கை, பின்னந்தலையில் ஒரு கை வைத்து, கழுத்தை வலப் பக்கம் ஒரு வெட்டு, இடப் பக்கம் ஒரு வெட்டு. 'டொக்', 'டொக்' என்று சொடக்கு விழும். அது விழுந்தால்தான் வாடிக்கையாளர் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். ஒரு தலையோடு வேலையை முடிப்பதற்கு என் கைக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். நான் முடிய வேண்டும் என்று நினைத்தேன். கை முடித்துவிட்டது.

சொடக்! வலது. சொடக்! இடது.

படம் அசையவில்லை. டைரக்டர் அமைதியாகச் சிரித்துக்கொண்டே இருந்தார். அப்பாடா, பெட்டி கவனிக்கவில்லை என்று நினைத்தேன். அது பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் மெதுவாக, மிக மெதுவாக, மோவாய் வலது தோள் பக்கம் கிளம்பியது. தோளைத் தாண்டியது. இரண்டாவது சொடக்கைப் பெட்டி கண்டுகொள்ளவே இல்லை. கழுத்து ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கிக்கொண்டு வந்தது. சிரித்த முகம் அப்படியே முதுகுப் பக்கம் போய், அங்கிருந்து எங்களைப் பார்க்காமல் சிரித்தது.

நிஜ டைரக்டரின் கை அவர் கழுத்துக்குப் போனது.

"விடுங்கண்ணே! கையை விடுங்க!" என்று கத்தினான் மணிமாறன்.

விடத்தான் பார்த்தேன். ஆனால் பயத்தில் நிறுத்திவைத்த மூச்சு மொத்தமும் வெளியே போய்விட்டது. வயிறு உள்ளே போனது, காற்சட்டை விடைபெற்றது. மானத்தைக் காப்பாற்ற இரண்டு கையும் பிடிகளோடு சேர்ந்து தொடைக்குப் பாய்ந்து துணியை இறுக்கிப் பிடித்தன. இறுக்கினால் பட்டன் அழுந்தும். அந்த நேரத்தில் பட்டனுக்குக் கீழே அகப்பட்டவை இரண்டு காதுகள்.

பெட்டி மறுபடி ஒரு பெருமூச்சு விட்டது. என்ன வரப்போகிறது என்று இந்த முறை எனக்குத் தெரியும். தெரிந்தும் கையை எடுக்க முடியாது. காது இரண்டும் மெல்ல நீண்டன. தோளைத் தொட்டன, டிவியின் அடி விளிம்பு வரைக்கும் வந்து, அதற்குக் கீழே போக இடம் இல்லாமல் நின்றன. நான் காற்சட்டையை மேலே இழுத்தேன், காதும் மேலே வந்தது. மறுபடி நழுவியது, காதும் இறங்கியது. அப்படியே படம் உறைந்து, பெட்டிக்குள் ஏதோ அணைந்தது.

ஜப்பான்காரர்தான் முதலில் சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெள்ளைக்காரர்கள் இன்னொரு முறை செய்து காட்டச் சொன்னார்கள். டைரக்டர் கழுத்தைப் பிடித்தபடி வெளியே போனார். மணிமாறன் என் பெல்ட்டை என்னிடம் நீட்டினான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அந்தத் தலையைப் புள்ளி புள்ளியாகச் செய்தவன் அவன்தானே.

"தம்பி..." என்றேன்.

"பஸ் ஸ்டாப் அந்தப் பக்கம் அண்ணே."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வைரவன் ஐயா கடைக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அவர் வராவிட்டால் கூட்டிப்போகவும் ஆள் வராது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலில் நிழல் ஆடினால் கத்தரிக்கோல் நின்றுவிடும். கண்ணாடியைப் பார்ப்பேன், பால்காரராக இருக்கும். யாருக்கும் சொடக்கு எடுக்கவும் கை வரவில்லை. பாதித் தலையில் நிறுத்திய மாதிரி வாடிக்கையாளர்கள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார்கள். "என்னப்பா, அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு முனகிக்கொண்டே போவார்கள்.

ஒரு ஞாயிறு, வாசலில் காய்கறிப் பை தெரிந்தது. சரோஜா. கூட அப்பா இல்லை. வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றாள். பிறகு, அதுவரைக்கும் செய்யாத காரியம், நேரே உள்ளே வந்துவிட்டாள். கடையில் இருந்த கத்தரிக்கோல் எல்லாம் நின்றன. முகத்தில் நுரையோடு இருந்தவர் துண்டை எடுத்து மூடிக்கொண்டார்.

"நீங்க எங்க வீட்டுக்கு வரணுமாம்," என்றாள். கண்ணாடியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே சொன்னாள். "அண்ணன் பாதிதான் சொல்லுது. தலை திரும்புச்சு, காது நீண்டுச்சு, பெட்டி அணைஞ்சுச்சுன்னு சொல்லுது, ஏன்னு கேட்டா ரூமுக்குள்ள போயிடுது. எங்கப்பாவுக்கு முழுசாத் தெரியணுமாம்."

மூக்குத்தி வலப் பக்கம்.

அன்று சாயங்காலமே ஈசூனுக்குப் போனேன். என் சொந்தக் காற்சட்டை, இடுப்பில் இரண்டு முடிச்சுக் கயிறு. வைரவன் ஐயா சோபாவில் இருந்தார். மணிமாறன் அறைக் கதவருகில் உம்மென்று நின்றான். சமையலறையில் பாத்திரச் சத்தம் வரவே இல்லை, அதாவது சரோஜா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உக்காந்து செஞ்சியா, நின்னு செஞ்சியா?" முதல் கேள்வியே அதுதான்.

"உக்காந்தேன் ஐயா. அப்புறம் நின்னுட்டேன்."

"ம். எந்தப் பக்கம் முதல்ல எடுத்த?"

"வலது."

"சரிதான். காதை ஏண்டா இழுத்த? காதுல என்ன சொடக்கு?"

"காதை இழுக்கல ஐயா. பேண்ட்டை இழுத்தேன்."

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் அவர் வாயிலிருந்து சத்தமே வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டேய் மணி, இங்க வந்து உக்காரு. இவன் எப்படிப் பண்ணான்னு நான் பாக்கணும்" என்றார்.

"அப்பா, வேணாம்பா! என்னை விட்டுருங்க!" மணிமாறன் அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டான்.

"பயந்தாங்கொள்ளி. சரி, எனக்கே எடு."

சாப்பாட்டு மேசை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் பின்னால் போய் நின்றேன். மோவாயில் ஒரு கை, பின்னந்தலையில் ஒரு கை. அந்தக் குன்றுக்கு அப்புறம் நான் ஒரு தலையை அப்படிப் பிடிப்பது அதுதான் முதல் முறை. பிடித்தபடியே நின்றேன்.

"எடுடா. இங்க கரண்டு போகாது."

எடுத்தேன். டொக். டொக்.

அவர் உடனே எழவில்லை. கண்ணை மூடியபடி அப்படியே இருந்தார். வேலை பார்த்த காலமெல்லாம் ஊரான் கழுத்துக்கெல்லாம் எடுத்தவர். கடையை விட்ட பிறகு அவர் கழுத்தை யார் பிடித்திருப்பார்கள்? மகனுக்குத் தெரியாது. கடைக்கு வந்தால் எங்கள் நாற்காலியில் உட்காரவும் அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்காது. மெதுவாகக் கழுத்தை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார்.

"உக்காந்து வேலை பாக்குறவன் இந்த வீட்டுல ஒருத்தன் இருக்கான்," என்றார். "அது போதும். சரோஜா, டீ போடும்மா. மாப்பிள்ளைக்கும் சேத்து."

சமையலறையில் ஒரு டம்ளர் கீழே விழுந்தது.

அந்தப் பார்ட் டைம் வேலை எனக்குக் கிடைக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மணிமாறனைக் கொஞ்ச நாள் வேறு பிரிவுக்கு மாற்றி, அப்புறம் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். இன்றைக்கும் என்னிடம்தான் முடிவெட்டிக்கொள்கிறான். பவுடர் டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டதும் போர்வைத் துணியோடு எழுந்து வாசலுக்கு ஓடிவிடுவான்.

எங்கள் கல்யாணம் கோயில் மண்டபத்தில் நடந்தது. மாலை மாற்றுகிற நேரம். கெட்டிமேளம், கூட்டம், போட்டோக்காரர் ஸ்டூல் மேல் ஏறி நிற்கிறார். நான் மாலையை இரண்டு கையிலும் பிடித்துச் சரோஜாவின் தலைக்கு மேல் உயர்த்தினேன். பின்னாலிருந்து மணிமாறன் கத்தினான், "மச்சான், மாலையோட நிறுத்திக்குங்க! சொடக்கு வேணாம்!"

மண்டபமே சிரித்தது. சரோஜா பயந்து, கண்ணை இறுக மூடி, தோள் இரண்டையும் காது வரைக்கும் தூக்கிக்கொண்டாள். சரியாக அந்த நேரம் பார்த்து போட்டோக்காரர் அமுக்கிவிட்டார்.

அந்தப் படத்தைத்தான் எங்கள் வீட்டு ஹாலில் மாட்டி வைத்திருக்கிறோம். வேறு நல்ல படம் இருக்கிறது, அவள்தான் இதை மாட்டச் சொன்னாள். பேரப்பிள்ளைகள் வந்தால் ஒவ்வொரு முறையும் யாராவது ஒன்று அதைக் காட்டிக் கேட்கும், "பாட்டி, உங்களுக்குக் கழுத்தே இல்லையா?"

"இருக்கு லா," என்பாள் சரோஜா. "உங்க தாத்தா தூங்குனதுக்கு அப்புறம்தான் வெளிய எடுப்பேன்."